வரத்து வாய்க்கால் அடைபட்ட காடு

சென்ற மாதம் கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு சிறு தேயிலை விவசாயி நம் கேள்வி பதில் பகுதிக்கு எழுதியிருந்தார். ஒன்றரை ஏக்கர் தேயிலை, அதை ஒட்டிக் கால் ஏக்கரில் கேரட்டும் பீன்ஸும். பீன்ஸ் பூ விடும் நேரத்தில் ஏழு காட்டெருமைகள் இரண்டு இரவு தங்கித் தின்றுவிட்டுப் போயிருக்கின்றன. கடிதத்தின் கடைசி வரி இது: ‘‘சரணாலயம், தேசியப் பூங்கான்னு மலையைச் சுத்தி இவ்வளவு காட்டை ஒதுக்கி வெச்சிருக்காங்களே சார், அதுக்குள்ள இருக்க வேண்டியதுதானே? எங்க தோட்டத்துல அதுங்களுக்கு என்ன வேலை?’’

வேலி போடுங்கள், வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள் என்று வழக்கமாக எழுதும் பதிலைத் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே பேனாவை மூடிவிட்டேன். அவர் கேட்டது வேலியைப் பற்றி இல்லை. ஒதுக்கிய காடு தன் வேலையைச் செய்கிறதா என்று கேட்கிறார். முப்பது வருடமாக இந்த மலையிலும் அடிவாரத்திலும் வேலை பார்ப்பவன் நான். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுத வேண்டும் என்று தோன்றியது. தை மாதத்தின் ஒரு சனிக்கிழமை, குன்னூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பினேன்.

வீட்டை விட்டு ஒரு கிலோமீட்டர் போவதற்குள்ளேயே முதல் கூட்டம் கண்ணில் பட்டது. தேயிலை வரிசைக்கு நடுவே ஐந்து மாடுகள், ஒரு கன்று. பனியில் முதுகு நனைந்து கறுப்பாகப் பளபளத்தது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்கள். நாம் காட்டெருமை என்கிறோம். உண்மையில் அது எருமை இனமே இல்லை, காட்டு மாடு. பழந்தமிழில் ஆமா என்று பெயர். வளர்ந்த காளை ஒன்று ஆயிரம் கிலோ வரை எடை வரும். சாலையோரம் பால் வாங்கப் போன ஒரு அம்மா நின்று, அவை கடந்து போகும்வரை காத்திருந்து, பிறகு நடந்தார். பயமும் இல்லை, அலட்சியமும் இல்லை. குன்னூரில் இன்று இதுதான் அன்றாடம்.

இந்த மாடுகளுக்கு எந்தச் சரணாலயமும் கிடையாது. குன்னூர், கோத்தகிரி பக்கம் இருப்பவை எஸ்டேட்டுகள், சிறு தோட்டங்கள், இடையிடையே சோலைத் துண்டுகள், கற்பூர மரக் காடுகள், சீகை மரக் காடுகள். ஒரு காலத்தில் இந்தச் சரிவுகளில் புல்வெளியும் சோலையும் மாறி மாறி இருந்தன. புல்வெளி தேயிலையானது, சதுப்பு கேரட் பாத்தியானது. புல் மேய்ந்து வாழும் விலங்கு, மேய்ச்சல் எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே வருகிறது. தேயிலைக்கு நடுவே இருக்கும் புல்லுக்கும், ஓடையோரத் தண்ணீருக்கும், நாம் கேரட் கழுவிவிட்டு ஓரமாகக் கொட்டும் கழிவுக்கும். கோத்தகிரி நண்பரின் தோட்டத்தில் அவற்றுக்கு என்ன வேலை என்றால், இதுதான் வேலை.

ஊட்டியைத் தாண்டும்போது மேற்கே முக்குருத்தி மலையின் முகடு தெரிந்தது. அங்கே கதை வேறு. முக்குருத்தி 1982இல் சரணாலயமாகவும் 1990இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. பரப்பு ஏறக்குறைய 78 சதுர கிலோமீட்டர். அது நம் மாநில விலங்கான வரையாட்டுக்காகவே ஒதுக்கிய இடம் என்று சொல்லலாம். வரையாடு நெடுந்தூரம் போகும் விலங்கு இல்லை. செங்குத்துப் பாறையும் அதன் தலையில் புல்வெளியும் இருந்தால் போதும். மேலே மேயும், ஆபத்து வந்தால் பாறைக்கு இறங்கிவிடும். அதன் ஆண்டு முழுவதற்குமான வாழ்க்கை அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதனால்தான் அங்கே பூங்கா வேலை செய்தது. வெள்ளைக்காரர் காலத்தில் வேட்டையில் அழிந்து வந்த விலங்கு அது. 1879லேயே நீலகிரிக்கென்று ஒரு வேட்டைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட வேண்டிய நிலை இருந்தது. இன்று தமிழ்நாட்டில் வரையாடுகள் மெல்லத் தேறி வருகின்றன. 2023இல் அரசு வரையாட்டுக்கென்று தனித் திட்டம் தொடங்கியது, 2024 கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதும் 1,031 என்று மதிப்பிட்டார்கள்.

ஆனாலும் அங்கேயும் ஒரு ஓட்டை இருக்கிறது. தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் நட்ட சீகை மரம் இப்போது தானாகவே புல்வெளிக்குள் பரவுகிறது. பூங்கா எல்லை துப்பாக்கியைத் தடுக்கும், விதையைத் தடுக்காது. புல் போனால் வரையாடு போகும். பூங்காவுக்கு வெளியே, ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு இளம் கடாக்கள் போக வேண்டுமென்றால் நடுவில் அணையும் தேயிலையும் கற்பூரக் காடும் குறுக்கே நிற்கின்றன. தனித்தனித் தீவுகளாக நிற்கும் மந்தைகளில் புது ரத்தம் கலப்பது குறைகிறது. மாடு வளர்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே காளையை வைத்து எத்தனை தலைமுறை ஓட்ட முடியும்?

ஊட்டியிலிருந்து தலைக்குந்தா வழியாகக் கல்லட்டி மலைப்பாதையில் இறங்கினேன். 36 கொண்டை ஊசி வளைவுகள். விபத்து அதிகம் என்பதால் வெளியூர் வண்டிகளைக் கீழே இறங்க விடுவதில்லை. நம்முடையது உள்ளூர்ப் பதிவு எண் என்பதால் விட்டார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு ஸ்வெட்டர் கழற்றலாம் போல வெயில் ஏறிக்கொண்டே வந்தது. மேலே கேரட்டும் முட்டைக்கோஸும். பாதி வழியில் சோலை. கீழே போனதும் முள்காடு, காய்ந்த புல், கருங்காலி, வேலமரம். மழை மறைவுப் பகுதி. கூடலூர் பக்கம் கொட்டும் மழையில் பாதிகூட இங்கே கிடையாது. இதுதான் சீகூர் சமவெளி. தெற்கே நீலகிரியின் செங்குத்துச் சரிவு, வடக்கே மாயார் ஆற்றின் பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய ஒரு மேசை நிலம். மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம், பொக்காபுரம் எல்லாம் இந்த மேசைமேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மேற்கே முதுமலை, அதற்கு அப்பால் கேரளத்தின் வயநாடு. வடக்கே கர்நாடகத்தின் பந்திப்பூர், நாகரஹொளே. கிழக்கே சத்தியமங்கலம், அதைத் தாண்டினால் கிழக்குத் தொடர்ச்சி மலை. எல்லாம் பாதுகாக்கப்பட்ட காடுகள். முதுமலை 1940லேயே சரணாலயமானது, 2007இல் புலிகள் காப்பகம். சத்தியமங்கலம் 2013இல். 1986இல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக 5,520 சதுர கிலோமீட்டரை நீலகிரியின் பெயரில் அறிவித்தார்கள். காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 3,063 யானைகள் என்று வந்ததற்கும், வீரப்பன் காலத்துத் தந்த வேட்டை ஓய்ந்ததற்கும் இந்தக் காப்பகங்களுக்குப் பங்கு உண்டு. அதை மறுப்பவர் காட்டைப் பார்க்காதவர்.

இப்போது ஒரு கணக்கு. முதுமலையின் மையப் பகுதி 321 சதுர கிலோமீட்டர். 1990களில் இந்தக் காடுகளில் யானைகளுக்கு ரேடியோ பட்டை கட்டி ஆராய்ந்தார்கள். ஒரு பெண் யானைக் கூட்டம் சுற்றி வரும் பரப்பு ஏறக்குறைய 560 முதல் 800 சதுர கிலோமீட்டர் என்று தெரிந்தது. அதாவது ஒரே ஒரு கூட்டத்துக்குக்கூட முதுமலை மட்டும் போதாது. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ பசுந்தீவனம் வேண்டும், நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். பத்து மாடு வைத்திருப்பவருக்கே ஒரு ஏக்கர் சோளத்தட்டு எத்தனை நாளைக்கு வரும் என்று தெரியும். ஒரே இடத்தில் நின்றால் யானை காட்டை மொட்டையாக்கிவிடும். அதனால் நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சீகூர், மாயார் பக்கம் குட்டைப் புல் தளிர்க்கும்போது இங்கே வரும். மாசி, பங்குனியில் இது காய்ந்ததும் ஆற்றோரங்களுக்கும் மேற்கே ஈரக் காட்டுக்கும் போகும். தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் உயர்ந்த புல் வரும் இலையுதிர் காட்டில் மேயும். நம் கீதாரிகள் பருவம் பார்த்துக் கிடை மாற்றுவது போலத்தான். யார் சொல்லிக் கொடுத்தது? பாட்டி யானை சொல்லிக் கொடுத்தது. அது எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகத்தான் பேத்தியும் போகும்.

அந்த வழிதான் இந்த மேசை நிலம். சில இடங்களில் மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகல். அந்தக் குறுகலில்தான் நாம் ஊர் கட்டினோம், சாலை போட்டோம், பைக்காரா தண்ணீரை இறக்கிச் சிங்காராவில் 1932இல் மின் நிலையம் வைத்தோம், திறந்த கால்வாய் வெட்டினோம், பிறகு விடுதிகள் கட்டினோம். ஏரி உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும். ஏரியின் கரை பலமாக இருக்கிறது, மதகு சரியாக இருக்கிறது, தூர் வாரியும் விட்டார்கள். வரத்து வாய்க்காலில் மட்டும் வீடு கட்டிவிட்டார்கள். மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? ஊருக்குள்தான் வரும். சரணாலயம் ஏரி. யானை தண்ணீர்.

இதை முதலில் சொன்னவர்களில் ஒருவர் நம் குன்னூர்க்காரர், இ.ஆர்.சி. டேவிதார். தொழிலால் வழக்கறிஞர், ஒரு காலத்தில் வேட்டைக்காரர். துப்பாக்கியை வைத்துவிட்டு 1960களில் வரையாடுகளை மலை மலையாக ஏறி எண்ணியவர். சீகூர் ஆற்றங்கரையில் ‘சீத்தல் வாக்’ என்ற பெயரில் ஒரு வீடு கட்டி, வேலி போடாமல் காட்டோடு இருந்து பார்த்தார். யானைகள் எந்த வழியாகப் போகின்றன என்று நடந்து நடந்து குறித்து வைத்தார். அவர் பிறந்த நாளான அக்டோபர் 7ஆம் தேதியைத்தான் இப்போது வரையாடு நாளாகக் கொண்டாடுகிறோம். நான் அவரைச் சந்தித்ததில்லை. பணிக்கு வந்த புதிதில் அவர் எழுதியதைப் படித்திருந்தால் ஒரு தவறைச் செய்திருக்க மாட்டேன்.

அந்தத் தவறைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருடம் முன்பு அடிவாரத்தில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். மானாவாரியில் ராகியும் அவரையும் போட்டுக்கொண்டிருந்தவர்கள். கிணற்றில் தண்ணீர் வந்ததும் நேந்திரன் வாழை போடச் சொல்லி ஊக்கப்படுத்தியவன் நான். கன்று வாங்கிக் கொடுத்தேன், மானியம் வாங்கிக் கொடுத்தேன். முதல் வருடம் நல்ல லாபம். இரண்டாம் வருடம் குலை தள்ளும் நேரத்தில் யானை வந்தது. ‘‘இங்கே இத்தனை நாள் யானை வரலையே?’’ என்று கேட்டேன். இருளர் பெரியவர் ஒருவர் சிரித்தார். ‘‘வந்துகிட்டுதான் இருந்துச்சு சாமி. ராத்திரி வரும், ஓரமா போயிரும். நிக்கறதுக்கு இப்பத்தான் நீங்க சோறு வெச்சிருக்கீங்க.’’

அதோடு நிற்கவில்லை. அடுத்து ஓடி அலைந்து அந்த ஊரின் மேற்குப் பக்கம் முழுவதும் சூரிய மின்வேலி போட ஏற்பாடு செய்தேன். யானை வரவில்லை. பெருமையாக இருந்தது. மூன்று மாதம் கழித்துப் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா ஆபீஸுக்கு வந்தார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், முக்கால் ஏக்கர் ராகி. ‘‘உங்க ஊருக்கு வேலி போட்டீங்க, அது எங்க ஊருக்குத் திரும்பிடுச்சு’’ என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தண்ணீரை ஒரு பக்கம் அணைத்தால் இன்னொரு பக்கம் உடைத்துக்கொண்டு போகும் என்று வேளாண்மைப் படிப்பில் படித்தவன், யானையிடம் அதை எதிர்பார்க்கவில்லை.

என் துறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் இடத்தில் கல்லாறு அரசுப் பழப்பண்ணை இருக்கிறதே, மங்குஸ்தானும் துரியனும் ஜாதிக்காயும் விளைந்த 1900ஆம் ஆண்டுப் பண்ணை. கல்லூரிக் காலத்தில் எங்களைச் சுற்றுலா அழைத்துப்போன இடம். அது யானை வழித்தடத்தின் கழுத்தில் இருக்கிறது என்று வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. தோட்டக்கலைக்காரன் மனதுக்கு அது வலிக்கிறது. ஆனால் விவசாயியிடம் வழி விடு என்று சொல்கிற அரசு, தன் பண்ணைக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்க முடியாது.

மசினகுடி கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். வழித்தடம் என்ற சொல்லைக் கேட்டதும் முகங்கள் மாறின. காரணம் இருக்கிறது. 2010 ஆகஸ்டில் அரசு இந்தச் சமவெளியில் யானை வழித்தடத்தை அறிவித்து ஆணை போட்டது. விடுதி உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையை உறுதி செய்தது. 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபர் 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வழித்தடம் செல்லும் என்று இறுதியாகத் தீர்ப்புச் சொல்லி, தனிநபர் மனுக்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழுவும் அமைத்தது. தீர்ப்பு சரியான தீர்ப்பு என்பதுதான் என் கருத்து. மூன்று மாதத்தில், 2021 ஜனவரியில், இதே மசினகுடியில் விடுதியிலிருந்து எரியும் டயரை வீசியதில் காது கருகிய யானை இறந்ததை நாடே பார்த்தது. இரவு விருந்துக்காகக் கட்டிய விடுதியும் யானையின் வழியும் ஒரே இடத்தில் இருக்க முடியாது.

ஆனால் கடைத்தெருவில் என்னோடு டீ குடித்தவர்கள் விடுதிக்காரர்கள் இல்லை. மூன்று தலைமுறையாக ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கரில் இருப்பவர்கள். ‘‘விடுதிக்கும் எனக்கும் ஒரே கோடுதான் சார் வரைபடத்துல’’ என்றார் ஒருவர். ‘‘நிலத்தை வித்தா வாங்க ஆள் இல்ல. பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு ரூம் எடுக்கலாம்னா அனுமதி இல்ல. எடுத்துக்கறேன்னும் சொல்ல மாட்டேங்கறாங்க, வெச்சுக்கன்னும் சொல்ல மாட்டேங்கறாங்க.’’ 2024இல் மாநிலம் முழுவதும் 42 வழித்தடங்கள் என்று ஒரு வரைவு அறிக்கை வந்தபோது கூடலூர் பக்கம் எழுந்த எதிர்ப்புக்கும் இந்தப் பயம்தான் காரணம். அறிக்கை முதலில் தமிழில்கூட இல்லை. நிலத்துக்காரனுக்குப் புரியாத மொழியில் நிலத்தைப் பற்றி எழுதினால் யார் நம்புவார்கள்? வழித்தடம் ஊருக்கே பயன் என்றால், அதன் விலையை வழியில் இருக்கும் நான்கு குடும்பம் மட்டும் கொடுப்பது நியாயமில்லை. விற்க விரும்புபவருக்குச் சந்தை விலை, இருக்க விரும்புபவருக்குத் தெளிவான அனுமதி, பயிர்ச் சேதத்துக்கு அடுத்த விதைப்புக்கு முன் பணம். இந்த மூன்றும் இல்லாமல் எந்தக் கோடும் தரையில் நிற்காது.

வாழைத்தோட்டம் போகிற வழியில் வண்டியை நிறுத்தினேன். சாலையின் இரு புறமும் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. ஆரஞ்சும் மஞ்சளும் ரோஜா நிறமுமாகப் பூ. அழகுச் செடி என்று இருநூறு வருடம் முன்பு வெள்ளைக்காரர் கொண்டு வந்தது. அதன் அடியில் புல் ஒரு கட்டுகூட இல்லை. வரைபடத்தில் இது யானைக் காடு, பச்சை நிறம். மேய்கிற விலங்குக்கு இது பாதித் தரிசு. முதுமலையில் மஞ்சள் கொன்றையும் இப்படித்தான் பரவியது. அதை வெட்டிக் காகித ஆலைக்குக் கொடுக்கிறார்கள். கூடலூர் பக்கத்தில் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர் கைவினைஞர்கள் உண்ணிச்செடிக் குச்சியில் நிஜ அளவு யானைகள் செய்து லண்டன் வரை அனுப்பினார்கள். நல்ல வேலை. ஆனால் வெட்டிய இடத்தில் புல் வருகிறதா என்று அடுத்த மழையில் போய்ப் பார்த்து, மறுபடி வெட்டினால்தான் பலன். களை எடுப்பதில் ஒரு தடவை என்பது கிடையாது, இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

காட்டுப் புல்லுக்கு இன்னொரு பங்காளி நம் மாடு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பந்திப்பூர் ஓரக் கிராமங்களில் ஒரு ஆய்வு நடந்தது. காபிக்கு உலகச் சந்தையில் விலை ஏறியபோது, காபித் தோட்டங்கள் சாணத்தை நல்ல விலைக்கு வாங்கின. சாணத்துக்காகவே மாடுகள் பெருகின, மாடுகள் காட்டில் மேய்ந்தன. எங்கோ காபி குடிப்பவருக்கும் பந்திப்பூர் யானையின் புல்லுக்கும் இப்படி ஒரு கணக்கு. மசினகுடிப் பக்கமும் சாணம் லாரியில் கேரளத்துக்குப் போனது நமக்குத் தெரிந்ததே. காட்டில் சேர்ந்த சத்து மூட்டையாக வெளியே போகிறது. பால் கறக்காத இருபது மாட்டுக்குப் பதில், தீவனம் வளர்த்து நான்கு கறவை வைப்பது உங்கள் கைக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது.

வேறு நாடுகளிலும் இப்படி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் உலகின் முதல் தேசியப் பூங்கா, 1872இல் அறிவித்தது. கோடையில் மேலே மேயும் எல்க் மான்கள் பனிக்காலத்தில் பூங்காவை விட்டு இறங்கித் தனியார் பண்ணை நிலங்களில் மேய்கின்றன. பூங்கா எத்தனை பெரிதாக இருந்தாலும் பனிக்காலப் புல் அதற்கு வெளியே இருக்கிறது. அதன் அருகே பிராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கு ஆண்டுதோறும் மலைக்கும் சமவெளிக்கும் போய்வரும் பாதையை 2008இல் தனியாக அறிவித்துப் பாதுகாத்தார்கள். சாலையைத் தாண்ட மேலே புல் வளர்த்த பாலம் கட்டினார்கள். பிராங்ஹார்ன் வேலியைத் தாண்டாது, அடியில் நுழையும். அதனால் மாட்டுப் பண்ணைக்காரர்கள் வேலியை எடுக்கவில்லை, அடிக்கம்பியை மட்டும் முள்ளில்லாத கம்பியாக மாற்றி, முழங்கால் அளவுக்கு உயர்த்திக் கட்டினார்கள். மாடு உள்ளேயே நிற்கிறது, பிராங்ஹார்ன் போய்விடுகிறது. நம் யானைக்கு அந்த வேலி உதவாது. ஆனால் போகிற விலங்கு எப்படிப் போகிறது என்று முதலில் பார்த்துவிட்டு வேலி போட்டார்களே, அதைத்தான் நான் இருபத்தைந்து வருடம் முன்பு செய்யவில்லை.

மாலை திரும்பும் வழியில், மாவனல்லாவைத் தாண்டி ஒரு விவசாயி தன் நிலத்தைக் காட்டினார். இரண்டு ஏக்கர். வீட்டையும் தொழுவத்தையும் விளைநிலத்தையும் சுற்றி நெருக்கமாகச் சூரிய மின்வேலி. கிழக்கு ஓரம், ஓடையை ஒட்டி நாற்பதடி அகலத்துக்கு ஒன்றும் போடாமல் விட்டிருந்தார். வேலியும் இல்லை, பயிரும் இல்லை. பக்கத்து நிலத்துக்காரரும் தன் ஓரத்தை அப்படியே விட்டிருக்கிறார். இருவரும் பேசி வைத்துக்கொண்டு செய்தது. ஈர மண்ணில் தட்டு அளவுக்கு வட்ட வட்டமாகக் கால்தடங்கள். ‘‘வாரத்துல ரெண்டு நாள் போகும் சார். நாய் குரைக்கும், நாங்க லைட் போட மாட்டோம். அது பாட்டுக்குப் போயிரும்’’ என்றார். வேலிக்கு உள்ளே மஞ்சளும் இஞ்சியும் மிளகாயும். யானை இவற்றை விரும்பித் தின்னாது. ஆனால் மிதிக்காது என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன், அவரும் தரவில்லை. ‘‘போன வருசம் ஒரு தடவை உள்ள வந்துச்சு’’ என்றார்.

இனி கோத்தகிரி நண்பருக்கு. உங்கள் காட்டெருமைகளுக்குள் போக ஒரு சரணாலயம் பக்கத்தில் இல்லை, விரட்டினாலும் அடுத்த தோட்டத்துக்குத்தான் போகும். முதலில் ஒரு வாரம் காலையில் எழுந்து தடம் பாருங்கள். எங்கே நுழைகின்றன, எங்கே தண்ணீர் குடிக்கின்றன, எங்கே வெளியேறுகின்றன என்று ஒரு தாளில் குறியுங்கள். காய்கறி நிலத்தைச் சுற்றி மட்டும் வேலி போடுங்கள், தேயிலை முழுவதையும் சுற்ற வேண்டாம். அவை வழக்கமாகப் போகும் ஓரத்தைத் திறந்து விடுங்கள். கேரட் கழிவைத் தோட்டத்தோரம் கொட்டாதீர்கள், குழி வெட்டி எருவாக்குங்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் கழிவுநீர்க் குழிக்கும் உறுதியான மூடி போடுங்கள், அதில் விழுந்த மாட்டை வெளியே எடுப்பது பெரும்பாடு. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் பேச்சுச் சத்தத்தோடு வரிசைக்குள் இறங்கட்டும். தனியாக நிற்கும் காளைக்கு அருகே யாரும் போக வேண்டாம், நாயை ஏவ வேண்டாம். சேதமான அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் தோட்டக்கலை உதவி அலுவலருக்கும் காட்டி, வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவதை மட்டும் கனவிலும் நினைக்காதீர்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்து, இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றி நின்ற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மனிதரும் அதே கம்பியில் சாகிறார்கள். சூரிய மின்வேலியாக இருந்தாலும் 2023 விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும்.

கடிதத்துக்குப் பதிலாக நேற்று அவரிடம் தொலைபேசியில் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘‘சரிங்க சார், ஓரத்துல எத்தனை அடி விடணும்?’’ என்றார். தடம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், நான் வந்து அளக்கிறேன் என்றேன். அடுத்த வாரம் டேப்போடு போகிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் அன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.